அத்தானின் கொப்பியில் இல்லாத நிரல்

அத்தானின் சதுரக்கோட்டுக் கொப்பியில் அவர் கடைசியாக எழுதிய சொல் ஒன்றே ஒன்றுதான். 'காரணம்' என்ற நிரலின் கீழே, பென்சிலால், 'கை' என்று எழுதியிருக்கிறார். அதற்கு முந்திய நாற்பது பக்கங்களும் அவருடைய வேட்டைத் துவக்கின் கதை. எந்த வெடிமருந்து, எவ்வளவு எடை, எந்தச் சன்னம், ரவையின் நீளம், காற்று, வெப்பம், கடைசியில் ஐந்து துளைகளும் விழுந்த அகலம். அந்த அகலத்தை வேணியர் அளவுகோலால் அளந்து எழுதியவள் நான். அவர் 'கை' என்று எழுதியபோதும் பக்கத்தில்தான் நின்றேன். அந்தப் பக்கத்தைத் திறந்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. பாதி அவர்மேல், பாதி என்மேல்.

அத்தான் அக்காவின் கணவர். ஜெர்மனியில், எர்லாங்கனுக்கு வெளியே ஒரு கிராமத்தில் இருந்தார்கள். அவர் ஒரு பட்டறையில் நுண்சாணை இயந்திரத்தில் வேலை செய்தார். தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் அந்தத் துண்டு குப்பைக்குத்தான். ஊர்ப் பக்கத்து ஆக்கள் துவக்கென்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் காலத்தில், அவர் ஐம்பது வயதில் வேட்டை அனுமதிக்குப் படித்தார். மானின் பல்லைப் பார்த்து வயது சொல்லவும் விதையைப் பார்த்துப் பயிர் சொல்லவும் ஜெர்மன் மொழியில் பாடமாக்கினார். கோயிலில் சனம் சிரித்தது. "காகம் சுடவோ இவ்வளவு படிப்பு?" என்று அக்காவே கேட்டாள். பித்தளைக் கோதுக்குள் மருந்தைப் போட்டு, வாயில் சன்னத்தைச் செருகி ரவையைத் தானே அடைப்பதற்கு அவர் இன்னொரு வகுப்புக்குப் போய் இன்னொரு பரீட்சையும் எழுதினார்.

அவரிடம் இருந்தது நரிக்கும் காகத்துக்கும் என்று செய்யப்படும் சின்ன வாய்த் துவக்கு. கடையில் வாங்கிய ரவைகள் அதன் குழலுக்கு ஒத்துவரவில்லை. வேட்டைக்காட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்த விவசாயி நேர்மையான மனிதர், ஆனால் கறார். நரி விழுந்தால் அந்த இடத்திலேயே விழ வேண்டும், காயத்தோடு வயலுக்குள் இழுபட்டுச் சாகக் கூடாது என்பார். நூறு மீற்றரில் ஐந்து துளைகளையும் ஒரு இரண்டு யூரோ நாணயக் குற்றி மூட வேண்டும், அதுவும் தொடர்ந்து மூன்று முறை. செய்து காட்டினால் தன் காட்டுக்குள் வர எழுத்தில் அனுமதி தருவேன் என்று அத்தானுக்குச் சொல்லியிருந்தார். அந்த ஊரில் இருபது வருடங்களாக அத்தானுக்கு எல்லாரும் வணக்கம் சொன்னார்கள், ஆனால் ஒருவரும் எதற்கும் அழைத்ததில்லை. அந்தக் கடதாசி அவருக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

நான் ஒரு தொழிற்சாலையின் அளவை அறையில் வேலை செய்கிறேன். அதனால் என்னைச் சனிக்கிழமைகளில் சூட்டுத்திடலுக்குக் கூட்டிக்கொண்டு போவார். காதுக்கு மூடியைப் போட்டுக்கொண்டு நான் கொப்பியோடு இருப்பேன். ஐந்து வெடி, பிறகு குழல் ஆறும்வரை காத்திருத்தல், பிறகு இன்னும் ஐந்து. ஒரு சோம்பலான வேலை. "ஒரு நேரத்தில ஒண்டைத்தான் மாத்த வேணும், பிள்ளை. ரெண்டை மாத்தினா எது செய்ததெண்டு தெரியாது," என்று வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்லுவார். வசந்தம் முழுக்க மருந்தை மாற்றினார், கோடை முழுக்க நீளத்தை மாற்றினார். ஆவணி கடைசியில் ஒரு நாள் குற்றியை வைத்துப் பார்த்தோம். ஐந்து துளைகளும் அதற்குள் அடங்கின. அடுத்த கிழமையும் அடங்கின. அத்தான் திரும்பும் வழியில் காருக்குள் பாட்டுப் போட்டார்.

நவராத்திரிக்கு அக்காவின் வீட்டை ஒதுக்கும்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். குத்துவிளக்குகளுக்குப் புளி கரைத்து வைத்திருந்தேன். நிலவறையில் அத்தான் சுட்டு முடித்த வெற்று ரவைக் கோதுகள் ஒரு சட்டியில் கரி பிடித்துக் கிடந்தன. அவர் அவற்றின் வெளிப்புறத்தைத் துணியால் துடைப்பதோடு சரி. பித்தளை அப்படிக் கிடந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. எல்லாவற்றையும் புளியில் ஊறப்போட்டு, பிள்ளைகளின் பழைய பால்போத்தல் தூரிகையால் உள்ளேயும் தேய்த்து, கழுவிக் காயவைத்தேன். விளக்கோடு விளக்காக மின்னின. அத்தான் வந்து பார்த்து, "எட, பவுன் மாதிரி இருக்கு," என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே, அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் சுட்டு வந்த கோதுகளை வாங்கித் தேய்த்துக் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமையே துளைகள் சிதறின. மூன்று ஒன்றாக விழும், ஒன்று மேலே போகும், ஒன்று எங்கேயோ போகும். அத்தான் தொலைநோக்கியின் ஆணிகளை இறுக்கினார், குழலைக் கழுவினார், புதுப் பெட்டி மருந்து வாங்கினார், காற்றைக் குறை சொன்னார். எதை மாற்றினாலும் அடுத்த கிழமை முந்தியதைவிட மோசம். எனக்கும் சலித்துவிட்டது. குளிரில் கால் விறைக்க நின்று, கேவலமான எண்களை இரண்டு தசமத்துக்குத் துல்லியமாக எழுதுவதில் என்ன மிஞ்சுகிறது? ஒரு நாள் வாய்விட்டே சொன்னேன்: "அத்தான், இதை விடுங்கோ." அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

விவசாயி வந்த நாளில் மூன்று தாள்களில் ஒன்றில்கூடக் குற்றி ஐந்து துளைகளையும் மூடவில்லை. அவர் ஏளனம் செய்யவில்லை. அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிக் கைகொடுத்துவிட்டுப் போனார். பனி முடிவதற்குள் அந்த அனுமதியை வேறொருவருக்குக் கொடுத்தார். விவசாயி கைகொடுத்துப் போன அன்றைக்கே அத்தான் மேசையில் குனிந்து 'கை' என்று எழுதினார். துவக்கை விற்றார். அதோடு விட்டிருக்கலாம். பட்டறையில் போய், சாணை இயந்திரத்துக்குத் தன் கை இனிச் சரிவராது என்று தானே சொல்லிக் களஞ்சியத்துக்கு மாறிக்கொண்டார். முதலாளி வேண்டாம் என்றாராம். அக்கா அழுதாள். வைத்தியரிடம் நேரம் குறித்து டெர்மின் எடுத்துப் போனபோது, கையில் ஒரு குறையும் இல்லை என்று அவர் சொன்னார். அத்தான் நம்பவில்லை. கொப்பியில் எழுதியாகிவிட்டதே.

நாலு வருடம் கழித்து, எங்கள் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில், புதிதாக வந்த ஒரு பெண் தன் தகப்பன் ரவை அடைப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கோதின் கழுத்துக்குள் இருக்கும் கரியைத் தகப்பன் தொடவே விடமாட்டாராம். அந்தக் கரி இருந்தால்தான் சன்னம் ஒரே அளவாக வழுக்கி வெளியேறுமாம். பளபளவென்று தேய்த்துவிட்டால் ஒவ்வொரு கழுத்தும் ஒவ்வொரு விதமாகப் பிடித்துக்கொள்ளும், துளைகள் சிதறும் என்றாள். என் கையில் இருந்த கரண்டியை நான் கீழே வைத்தேன். நாற்பது பக்கக் கொப்பியில் காற்றுக்கு ஒரு நிரல் இருந்தது, வெப்பத்துக்கு ஒன்று இருந்தது. மினுக்கியதற்கு ஒன்று இல்லை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று சொன்ன மனிதர் அந்த மினுக்கத்தைக் கண்ணால் கண்டு சிரித்தார். ஆனால் அது வீட்டுவேலை, அதனால் அவருக்கு அது ஒரு மாற்றமே இல்லை. அளப்பதையே தொழிலாகச் செய்யும் எனக்கும் அது தோன்றவில்லை.

அன்று பின்னேரமே போனேன். அக்கா தேத்தண்ணி வைத்தாள். கோப்பையை எடுத்த அத்தானின் கை நடுங்கியது, இப்போது உண்மையாகவே. போன வருடம்தான் தொடங்கியது என்று அக்கா முன்பே எனக்குச் சொல்லியிருந்தாள். புளி, தூரிகை, ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பேசட்டும், ஏசட்டும் என்று காத்திருந்தேன். அவர் கோப்பையை மேசையில் வைத்தார்.

"உள்ளுக்குள்ளையும் தேய்ச்சனியோ?"

"ஓம்."

"எல்லாத்தையுமோ?"

"ஓம், அத்தான். எல்லாத்தையும்."

அவர் எழுந்துபோய்க் கொப்பியைக் கொண்டுவந்தார். கடைசிப் பக்கத்தைத் திறந்தார். "அதை வெட்டுங்கோ, அத்தான்," என்று கெஞ்சினேன். "கை இல்லை. வெட்டிப்போட்டுப் புளியெண்டு எழுதுங்கோ."

"ஒருக்காச் சுட்டுப் பாக்காமல் எப்பிடி வெட்டுறது?" என்றார். "துவக்கும் இல்லை. இப்ப சுட்டாலும் இந்தக் கையால ஒண்டும் சொல்ல ஏலாது."

பிறகு பென்சிலை எடுத்து, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, 'கை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். கொப்பியை என்னிடம் தந்தார்.

அது இப்போது என் மேசையில் இருக்கிறது. எத்தனையோ முறை அந்தச் சொல்லை வெட்ட என்று பேனையை எடுத்திருக்கிறேன். அந்த நடுங்கிய கேள்விக்குறியைப் பார்த்ததும் மூடி வைத்துவிடுகிறேன்.