ஆறு பட்டன்கள்

என் அக்காவின் கணவருக்கு, அதாவது எங்கள் அத்தானுக்கு, வாய் கொஞ்சம் நீளம். டைப் அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். மனு, வாடகை ஒப்பந்தம் என்று யார் எதைக் கொண்டுவந்தாலும், அடித்துக்கொண்டே வந்தவரை வம்புக்கு இழுப்பார். என்னை மட்டும் விட்டுவிடுவாரா? "வாம்மா மகாராணி, புருஷனை உயிரோடதான் விட்டுட்டு வந்தியா?" என்பதுதான் எனக்கு எப்போதும் கிடைக்கும் வரவேற்பு.

கடையில் இருந்தது கறுப்புத் திரையில் பச்சை எழுத்துக் காட்டும் பழைய காலத்துக் கம்ப்யூட்டர். ஊரே புதிதுக்கு மாறியபோதும் அவர் அசையவில்லை. எந்தப் பட்டனைத் தட்டினால் எந்த எழுத்து வரவேண்டும் என்பதை அதில் அவரே மாற்றி அமைத்துக்கொள்ளலாம். கீபோர்டின் மேல்வரிசையில் எஃப்-1 பட்டனைத் தட்டினால் அவர் பழகிய டைப்ரைட்டர் முறை. எஃப்-2 அக்காவுக்கு, அ, ஆ, இ என்று பள்ளிக்கூட வரிசை. கூட்டம் அதிகமான நாட்களில் அவளும் உட்கார்ந்து அடிப்பாள். எஃப்-3இல் பட்டனுக்கு ஒரு முழுத் தொடர். 'கீழே கையொப்பமிட்டுள்ள நான்' என்பதை ஒரே தட்டில் வரவழைத்துவிட்டு, மூட்டை சுமந்தவர்போல நெற்றியைத் துடைத்துக்கொள்வார்.

அத்தானுக்கு நரம்பில் நோய் வந்தது. முதலில் நாக்கைத்தான் பிடித்தது. பிடிக்க வேறு இடமா இல்லை, அந்த வாயைப் போய்ப் பிடிக்க வேண்டுமா என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது. கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தோம். பேச்சு விரலுக்கு மாறியது. நான் உள்ளே நுழைந்ததும் திரையில் பச்சையாக ஓடும்: 'வாம்மா மகாராணி.'

அப்புறம் விரல்கள். இடது கையில் இரண்டு ஓய்ந்தபோது, அவற்றின் எழுத்துகளை மற்ற விரல்களுக்குப் பங்கு போட்டு எஃப்-4இல் புதிதாக ஒன்று அமைத்தார். இடது கையே போனதும் வலது கைக்கு மட்டும் எஃப்-5. பழையது எதையும் அழிக்கவில்லை. காலையில் எழுந்ததும் முதலில் எஃப்-1ஐத்தான் தட்டுவார். இருக்கிற விரல்களை வைத்துக்கொண்டு ஏதோ அடித்துப் பார்ப்பார். கன்னாபின்னாவென்று வரும். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு எஃப்-5க்கு இறங்கி வருவார்.

"ஒத்த விரலுக்கும் ஒண்ணு இப்பவே செஞ்சு வெச்சிருங்களேன்" என்று அக்கா ஒருநாள் மெதுவாகக் கேட்டாள். அதைச் செய்யவே ஏகப்பட்டது அடிக்க வேண்டும். விரல்கள் போனபிறகு அவரால் முடியாது. அத்தானுக்கு முகம் சிவந்துவிட்டது.

'உனக்கு என்ன அவசரம்?' என்று அடித்தார்.

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. அவரும் செய்யவில்லை. வீம்பு. ஆள்காட்டி விரல் மட்டும் மிஞ்சியபோது அக்காதான் கடையில் பார்த்துத் தெரிந்துகொண்டதை வைத்து, தப்பும் தவறுமாக எஃப்-6ஐ அமைத்தாள். அந்த விரலுக்கு எட்டியது ஆறே பட்டன்கள். ஆறு எழுத்தை வைத்துக்கொண்டு என்ன பேசுவது? அதனால் முழுச் சொற்களாகவே போட்டாள். தண்ணீர், வலி, திருப்பு, விளக்கு, ஆமாம், வேண்டாம். மகாராணிக்கு அதில் இடம் இல்லை. நான் போனால் என்னைப் பார்த்து 'ஆமாம்' என்று அடிப்பார். சிரித்துவிட்டு, சமையலறைக்குப் போய் அழுவேன்.

ஒருநாள் மதியம் நான் போனபோது அக்காவுக்கு நெருப்பாகக் காய்ச்சல். அப்படியும் கட்டிலுக்குக் கீழே தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். திரையில் 'தண்ணீர்' என்று வந்தது. எழுந்துபோய்க் கொண்டுவந்து கரண்டியால் ஊட்டப் போனாள். அத்தான் வாயை இறுக மூடிக்கொண்டார். அவள் உட்கார்ந்ததும் மறுபடியும் 'தண்ணீர்'. மறுபடியும் எழுந்தாள், மறுபடியும் வாயை மூடிக்கொண்டார். தண்ணீர், தண்ணீர், தண்ணீர் என்று திரை நிறைந்துகொண்டே போனது.

"எதுக்குங்க இப்படி என் உயிரை வாங்குறீங்க? குடிச்சா குடிங்க, இல்லேன்னா சும்மா கிடங்க!"

விரலுக்கு அடியிலிருந்து கீபோர்டை வெடுக்கென்று உருவி அலமாரிமேல் வைத்துவிட்டாள். அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. நிற்கவே முடியாமல் நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அவளே கீபோர்டை எடுத்து அவர் கைக்கு அடியில் வைத்தாள். விரல் அசையவில்லை. அதற்குப் பிறகு அது அசையவே இல்லை. கொஞ்ச நாளில் அத்தானும் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து வீடு காலியான ஒருநாள், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த அக்காவிடம் டம்ளரை நீட்டினேன்.

"காலையிலேருந்து பச்சைத் தண்ணி பல்லுல படலை. இதையாவது குடிக்கா."

வாங்கியவள் வாய்வரை கொண்டுபோய் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"அன்னிக்கும் நான் எதுவும் குடிக்கலைடி" என்றாள். "எனக்குத்தானே காய்ச்சல். என்னைத்தான் குடிக்கச் சொல்லியிருக்காரு."

டம்ளரைத் தரையில் வைத்தாள்.

"ஆறையும் அவருக்கு வேணுங்கிறதாவே போட்டேனே. 'உனக்கு'ன்னு ஒரு பட்டன் வைக்கணும்னு எனக்குத் தோணவே இல்லையேடி."