கை தூக்கிய கார்

ஓசூர் போகிற வழியில் எதற்கு நின்றோம் என்று தெரியாவிட்டால் உனக்குச் சோறு இறங்காதாடி? கேட்டுத் தொலை.

சூளகிரி தாண்டி, ரோட்டோரம் ஒரு பழைய இரும்புக் கடை. லாரிப் புழுதியில் ஒரு கார் கூடு கிடக்கிறது. இன்ஜின் இல்லை, சக்கரம் இல்லை, பேர் எழுதிய மூக்கும் இல்லை. பின்சீட் இருந்த இடத்தில் கோழி அடைகாக்கிறது. பழைய கார் என்றால் உயிரை விடும் என் மருமகன் அதையே சுற்றிச் சுற்றி வருகிறார்.

"என்ன மாடல்னு எனக்கும் தெரியலைங்க," என்கிறார் கடைக்காரர். "தகரம்னா எடைக்குத் தர்றேன். ரொம்பப் பழசுன்னா வெல வேற."

முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் நீளமாக ஒரு பிளவு. பார்த்ததுமே எனக்குப் புரிகிறது. மினுக்கும் லைட் வராத காலத்து வண்டி. திரும்பும்போது அந்தப் பிளவிலிருந்து சின்னக் கை ஒன்று வெளியே நீளும். என் கல்யாணக் காரிலும் இருந்தது. மெல்ல அதை முதுகால் மறைத்து நிற்கிறேன்.

"வெறும் தகரம்ப்பா. எடையப் போடு."

சந்தோஷத்தில் மருமகன் அந்தப் பக்கத்துக் கதவை ஓங்கிச் சாத்துகிறார். அங்கேயும் ஒரு கை இருந்திருக்கிறது. டக்கென்று வெளியே நீள்கிறது.

"அவ்வா, இது என்னா?" என்று பாட்டி முறை வைத்து என்னைக் கேட்கிறார் கடைக்காரர்.

"கோழி உக்கார்ற கட்டை," என்கிறேன்.

கடைக்காரர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "எங்க தாத்தா ஓட்டின லேண்ட்மாஸ்டர் காருக்கும் இதே கைதான் அவ்வா!"

பழசின் விலைக்குத்தான் கார் வீடு வந்தது. அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் சொன்னேன்: "வண்டிக்கு இன்னும் இன்ஜினே வரல. அதுக்குள்ள கையத் தூக்கி எனக்கு எதிரா சாட்சி சொல்லிருச்சு."