வெட்டாத வயலும் விளையாத வயலும்

எல்லாக் கட்டமும் நிறைந்த அட்டவணையைப் புள்ளிவிபரக்காரர்கள் நாங்கள் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறோம். அதுவும் மட்டக்களப்பில் வேலை என்றால் சொல்லவே வேண்டாம்.

சைபர்

சுனாமியில் கடல் வந்துபோன பிறகு, உவர் ஏறிய மண்ணில் எந்த நெல் தாங்கும் என்று பார்க்க வாவியின் இரு கரையிலும் பரிசோதனை வயல்கள் போட்டோம். ஊருக்கு ஊர் பழைய இனமும் புதிய இனமும் பக்கத்தில் பக்கத்தில். புதியது மேல் என்று சோதனை சொன்னால்தான் சனத்துக்கு அந்த விதைநெல் கிடைக்கும்.

இடையில் சண்டை. வாவிக்கு மேற்கே, படுவான்கரைச் சனம் ஊரை விட்டு ஓடியபோது, பிந்தி விளையும் புதிய இனம்தான் வெட்டாமல் நின்றது. சண்டை முடிந்து நான் கணக்குப் பார்க்க உட்கார்ந்தால், வெறுமையான கட்டங்களில் எல்லாம் எழுதுவினைஞர் ரவி அண்ணன் சைபர் போட்டு வைத்திருக்கிறார்! பழி முழுக்கப் புதிய இனத்தின் தலையில். ஏன் அண்ணன் என்றேன்.

"வெறுமையா விட்டா நாம வேலை செய்யல்ல எண்டு நினைப்பாங்க தங்கச்சி."

கேட்கப் போனது

பஸ் ஏறிப் படுவான்கரை வயல் வட்டைகளுக்கே போனேன். விளையவில்லையா, வெட்டவில்லையா என்று வீடு வீடாகக் கேட்டேன். தனியாக இரண்டு ஏக்கர் செய்யும் கண்மணியக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நெல்லு நல்லா முத்தித்தான் நிண்டது புள்ள. நாங்கதான் அகதிக் காம்பில நிண்டம்."

ஒழுங்கு

சைபர்களை அழித்தேன். குறையுள்ள ஊர்களையே தூக்கிவிடுங்கள், அட்டவணை சமப்படும் என்றார் மேலதிகாரி. சமப்படும்தான், படுவான்கரை முழுக்கப் போய்விடும்! எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. மாட்டேன் என்றேன்.

இப்படிக் கட்டங்கள் விடுபட்ட, சமமில்லாத தரவில் பழைய கணக்கு முறை படுத்தும் பாடு கொஞ்சமல்ல. கணினிக்கு ஊரை முதலில் கொடுத்தால் ஒரு விடை, நெல்லினத்தை முதலில் கொடுத்தால் இன்னொன்று. அதையும் மேலதிகாரி எட்டிப் பார்த்தார்.

"அப்ப நல்ல விடை வாற ஒழுங்கில குடுங்களன்."

கூட்டம்

நான் விடுபட்ட கட்டங்களைத் தாங்கும் கலப்பு மாதிரி என்ற கணக்கு முறைக்குப் போனேன். அதில் நாங்கள் ஒப்பிடும் நெல்லினம் நிலையான விளைவு, ஊருக்கு ஊர் மாறுவது தற்செயல் விளைவு, வெறுமை வெறுமையாகவே. ஒரே குளத்துத் தண்ணீர் குடித்த வயல்கள் தனித்தனிச் சாட்சி ஆகாது என்று சாட்சிகளையும் குறைத்தே எண்ணினேன். அப்படியும் புதிய இனம் வென்றது.

அறிக்கை வாசித்த கூட்டத்தில் வெளியூர் அதிகாரி ஒருவர், இத்தனை ஓட்டையா, சைபராவது போட்டிருக்கலாமே என்றார். நான் வாய் திறக்குமுன், விவசாயிகளோடு வந்திருந்த கண்மணியக்கா பின்வரிசையில் எழும்பினார்.

"அந்தப் போகம் நாங்களும்தான் ஊரில இல்ல ஐயா. எங்களுக்கும் சைபர் போடுவீங்களோ?"

விதைநெல் படுவான்கரைக்குப் போனது, 'சொல் கேளாதவர்' என்ற குறிப்பு என் கோப்புக்குப் போனது; இரண்டும் நன்றாகவே முளைத்தன.