உள்பக்கம் திருப்பிய பூக்கள்

எதிர்வீட்டு லிஃப்ட்காரர் தன் வராந்தாவுக்குப் பூவேலைப் பலகை மாட்டியதை முழுக்க முழுக்கப் பார்த்தவன் நான் ஒருவன்தான். என் தையல் மெஷின் ஜன்னலோரம் இருக்கிறது. கண் போகிற இடத்துக்கெல்லாம் நான் பொறுப்பாக முடியுமா?

அவர் முப்பத்தொரு வருஷம் ஓர் அலுவலகத்தில் லிஃப்ட் ஓட்டியவர். மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாராம். ஏறுகிறவர்கள் எத்தனையாவது மாடி என்று சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்கள். "முகமே வேணாம் தம்பி, பின்மண்டைய வச்சே ஆளச் சொல்லிடுவேன்" என்பார். இதில் என்ன பெருமையோ! மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. மகள் விமானத்தில் போகிற தூரத்தில் இருக்கிறாள். நாலு வயதுப் பேத்தியைப் போனில் பார்த்ததோடு சரி.

அந்தப் பேத்தி ஒருநாள், "தாத்தா, உங்க வீட்டுல பூ இருக்கா?" என்று கேட்டிருக்கிறாள். வீட்டு முன்னால் ஒரு சாண் மண் கிடையாது, எல்லாம் சிமெண்ட். மனிதர் கொஞ்சமும் கூசாமல், "நிறைய இருக்கு, வந்து பாரு" என்று சொல்லிவிட்டார். அதற்குத்தான் இந்தப் பாடு. மகள் குடும்பம் லீவில் வந்து மாப்பிள்ளையின் ஊரில் தங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை இங்கே வருவதாக ஏற்பாடு.

பட்டறையில் சொல்லிச் செய்த மூன்று பலகைகள். ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேல் நீளம், ஒரு முகத்தில் மட்டும் செதுக்கிய பூ. உத்தரத்தின் வெளிப்பக்கம் வைத்து, பாதி கீழே தொங்கும்படி ஸ்க்ரூ போட வேண்டும். இரண்டு பேர் வேலை. இவரோ உத்தரத்தில் ஆணி அடித்து, கயிற்றில் சுருக்குப் போட்டு, ஒரு முனையை அதில் தொங்கவிட்டு, மறுமுனையைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினார். சுருக்கு நழுவியது. இறங்கினார். மறுபடி ஏறினார். லிஃப்ட் ஓட்டிய ஆளுக்கு ஏறி இறங்குவது புதிதா என்று எனக்குள்ளேயே கிண்டலடித்தபடி சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டால் போகலாம் என்று இருந்தேன். அவர் கூப்பிடவில்லை. எனக்கும் கை ஒழியவில்லை. பொய், ஒழிந்துதான் இருந்தது.

இப்படியே நாலு நாள். சனிக்கிழமை பெயின்ட் காய்ந்தது. மஞ்சள் பூவும் பச்சை இலையுமாக வீடு களைகட்டிவிட்டது. போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்தார்கள்.

ஞாயிறு காலை இஸ்திரிச் சட்டையோடு வராந்தாவில் உட்கார்ந்தார். பதினொரு மணிக்குப் போன் வந்தது.

"சரிம்மா... லீவு முடிஞ்சிடுச்சுன்னா என்ன பண்றது... அங்கேருந்தே ஃபிளைட்டுக்குக் கெளம்புங்க. அடுத்த தடவ பாத்துக்கலாம்."

சிரித்துக்கொண்டேதான் பேசினார். போனை வைத்த பிறகும் இருட்டும்வரை அந்தச் சட்டையை மாற்றவில்லை.

மறுநாள் காலை பார்த்தால், மறுபடியும் ஏணி. பலகைகளைக் கழற்றி, திருப்பி, உத்தரத்தின் உள்பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார். தெருவுக்குத் தெரிந்தது பெயின்ட் படாத பின்புறமும் பென்சில் கோடுகளும்தான். துணியின் நல்ல பக்கத்தை உள்ளே வைத்துத் தைத்தால் என்னை யாராவது சும்மா விடுவார்களா? பொறுக்க முடியாமல் ஓடினேன்.

"அண்ணே, திருப்பி மாட்டுறீங்க! தெருவுக்கு முதுகுதான் தெரியுது."

"தெரியட்டும் தம்பி. வெளியேருந்து பாக்க யாரு வர்றாங்க? இங்க உக்காந்து பாக்கப்போறது நான் ஒருத்தன்தான்."

கடைசிப் பலகையின் மறுமுனையைப் பிடித்தேன். ஐந்தே நிமிஷத்தில் வேலை முடிந்தது.

"உக்காருங்க" என்றார். வராந்தாவில் இருந்தது ஒரே நாற்காலி. உள்ளே போனார். எதை எதையோ நகர்த்தும் சத்தம் வெகுநேரம் கேட்டது. வெறுங்கையோடு திரும்பினார்.

"இன்னொண்ணு இருந்துச்சு... எங்க போட்டேன்னு தெரியல."

என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, தான் ஏணியின் இரண்டாம் படியில் உட்கார்ந்துகொண்டார். நிமிர்ந்து பூக்களைப் பார்த்தேன். அவற்றுக்கு நேர் கீழே, தெருவுக்கு அந்தப் பக்கம், என் ஜன்னலும் மெஷினும் நான் உட்காரும் ஸ்டூலும் அப்பட்டமாகத் தெரிந்தன. அந்த நாலு நாளும் நான் பார்த்துக்கொண்டிருந்ததை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.