பொத்துவிலுக்குப் போன அன்று ஜீப்பின் கதவு

எனக்கு எழுத்து ஒழுங்காக வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் மற்றது மறந்துபோகும். முன்னுக்குப் பின் மாறி வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய ஜீப் இருக்கிறது. நற்பிட்டிமுனைப் பக்கம் எங்களுக்கு வயல். உர மூட்டை, விதைநெல், தண்ணீர் இறைக்கும் மெஷின் எல்லாம் அதில்தான் போகும். வரம்பிலும் வாய்க்காலிலும் குலுங்கிக் குலுங்கி, நான் உட்காரும் பக்கத்துக் கதவு தொங்கிப்போனது. கதவை வண்டியோடு பிடித்திருக்கும் இரும்புத் துண்டு, பிறக்கட் என்பார்கள், அது கழன்று ஆடியது. என் வீட்டுக்காரர் அதைத் திருத்தவில்லை. வலைக்குப் போடும் நீல நைலோன் கயிற்றால் கதவைக் கட்டிவிட்டார். அதற்குப் பிறகு நான் அவருடைய பக்கத்தால் ஏறி, கியர்க் கம்பியைத் தாண்டி, உடுப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நகர்ந்து போய் உட்கார வேண்டும். வயலில் அதைப் பார்க்க யார் இருக்கிறார்கள், கொக்குகள்தான்.

அந்த நேரம் கடைசி மகனுக்குப் பொத்துவிலில் சம்பந்தம் சரிவந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் வாழ்வார். பிள்ளை இருக்கப்போகும் வீட்டை மாப்பிள்ளையின் உம்மா வந்து பார்த்த பிறகே கல்யாணத்துக்கு நாள் வைப்போம் என்று பெண்ணின் தாய் சொல்லி அனுப்பியிருந்தா.

போகிற அன்று காலை உடுத்துக்கொண்டு வெளியே வந்து ஜீப்பைக் கண்டதும் என் கால் நின்றுவிட்டது. அங்கே பெண் வீட்டு வாசலில் பெண்களெல்லாம் கூடி நிற்பார்கள். அவர்களுக்கு முன்னால் நான் கியர்க் கம்பியில் அபாயாவை மாட்டிக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்குவதா?

"நான் வரல்ல," என்றேன்.

"என்ன கதை புள்ள இது?" என்றார் அவர்.

"கதவத் திறந்து இறங்க ஏலும் எண்டா வாறன். இல்லாட்டி நீங்க தனியப் போய் நாளக் குறிச்சிட்டு வாங்க."

"இவ்வளவு காலமும் கேக்காத கதவு இண்டைக்கு உனக்கு என்னத்துக்கு?"

மகன் உள்ளே இருந்து வந்தான். "வாப்பா, உம்மா வராட்டி என்ட கலியாணம் இந்த நைலோன் கயித்திலதான் தொங்கும்."

அவர் கயிற்றை அவிழ்த்தார். துருப்பிடித்த போல்டுகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி, ஸ்பெனரைப் போட்டு இறுக்கு இறுக்கென்று இறுக்கினார். பிறகு கதவைச் சாத்தினார். அது சட்டத்தில் இடித்துத் திரும்பி வந்தது. இன்னும் பலமாகச் சாத்தினார். இன்னும் பலமாக இடித்தது.

"முந்தித் திறக்க ஏலாம இருந்திச்சு, இப்ப பூட்டவும் ஏலா," என்றான் மகன். சிரிக்க வைக்கத்தான் சொன்னான், ஆனால் அவன் முகம் வாடிவிட்டது.

கயிறு கட்டுவதற்கு முன் அந்தக் கதவை நான் எப்போதும் இரண்டு கையாலும் தூக்கித்தான் பூட்டுவேன். அது என் கைக்கு ஞாபகம் வந்தது.

"தொங்கின மாதிரியே வெச்சி இறுக்கிப்போட்டீங்க," என்றேன். "கழட்டுங்க. தூக்கி வெச்சிட்டு இறுக்குங்க."

மகன் தூக்கிப் பிடித்தான், பாரம் தாங்கவில்லை. நான் மாட்டுக்கு வாங்கி வைத்திருந்த தவிட்டு மூட்டையை இழுத்து வந்து கதவுக்குக் கீழே வைத்தேன். உயரம் போதவில்லை. ஒரு பாயை மடித்து அதற்கு மேலே போட்டேன். கொஞ்சம் கூடிவிட்டது. அவர் முழங்காலால் மூட்டையை மெல்ல மெல்ல அமுக்கினார், கதவு சட்டத்துக்கு நேராக வந்து நின்றது. பிறக்கட்டின் ஓட்டை தேய்ந்து பெரிதாகிக் கிடந்தது. அதற்குத் தண்ணீர் மெஷினின் பெட்டியிலிருந்து அகலமான வாசர் வளையங்கள் எடுத்துப் போட்டு இறுக்கினார்.

"பூட்டிப் பாரு புள்ள," என்றார்.

ஒரு விரலால் தள்ளினேன். டக் என்று பூட்டியது. பிறகு மகன் என் அபாயாவைக் காட்டினான். இடுப்பிலிருந்து கீழே ஒரே தவிடு. எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

உடுப்பு மாற்றிக்கொண்டு நானும் அவரும் புறப்பட்டோம். அக்கரைப்பற்று தாண்டியும் கதவுப் பிடியிலிருந்து நான் கையை எடுக்கவில்லை.

"அது எங்கயும் போகாது, கைய எடு," என்றார்.

பொத்துவிலில் நான் நினைத்தபடியே பெண்கள் வாசலில் நின்றார்கள். நான் கதவைத் திறந்து, காலைக் கீழே வைத்து, நிமிர்ந்து இறங்கினேன். கதவைச் சாத்தினேன். அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. என்னை அறியாமல் இன்னொரு தரம் திறந்து சாத்தினேன்.

"போதும் புள்ள," என்றார் அவர், எல்லாருக்கும் கேட்க. "அவங்கட வீட்டுக்கும் கதவு இருக்கு. வா, அதால உள்ளுக்குப் போவம்."

பெண்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். வேறு நாளென்றால் முகத்தை மூடிக்கொண்டிருப்பேன். அன்று நானும் சேர்ந்து சிரித்து, நானே முதலில் ஸலாம் சொன்னேன். பெண்ணின் தாய் வந்து, மச்சி என்று உறவு கொண்டாடி, என் கையைப் பிடித்தா.

"மாப்பிள்ளட உம்மா கதைக்கவே மாட்டா எண்டு சொன்னாங்க மச்சி. நான் இரவெல்லாம் பயந்து கிடந்தன்."

"நானும்தான் மச்சி," என்றேன்.

மகனுக்கென்று ஒதுக்கிய அறையைக் காட்டினா. ஜன்னலால் கடல் காற்று வந்தது. தேத்தண்ணீர் குடித்து, அறுவடை முடிந்த கையோடு கல்யாணம் என்று நாள் வைத்தோம்.

கழன்றது மேல் பிறக்கட்டா கீழ் பிறக்கட்டா, வாசர் எத்தனை போட்டோம் என்பதெல்லாம் எனக்கு இப்போது திடமில்லை. மகன் இப்போது பொத்துவிலில் இருக்கிறான். யாராவது இதை அவனிடம் வாசித்துக் காட்டி, பிழையிருந்தால் திருத்திவிடுங்கள்.