தறியேறிய குறிப்புகள்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. எழுபதுகளின் தொடக்கத்தில், பட்டப்படிப்பின் கடைசி வருஷம், ஆய்வுக் கட்டுரை எழுதச் சொன்னபோது அந்தக் குணம் நன்றாகவே வெளிப்பட்டது. திருமுக்கூடல் கோயில் கல்வெட்டைத் தேர்ந்தெடுத்திருந்தேன். சோழர் காலத்தில் அங்கே ஒரு வைத்தியசாலையும், பிள்ளைகள் தங்கிப் படிக்க ஓர் இடமும் இருந்ததாம். யாருக்கு என்ன சாப்பாடு, என்ன மருந்து என்றெல்லாம் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். நூலகத்தில் தேடினேன். எழுத உட்கார்ந்தால் மட்டும் உடம்பெல்லாம் எறும்பு ஊறும்.

"ஒரு செய்திக்கு ஓர் அட்டை எழுதும்மா. அப்புறம் அடுக்கிப் பாரு, திட்டம் தானா வரும்," என்றார் ஆசிரியர்.

அட்டைக்கு எங்கே போவது? என் அப்பா பட்டு நெசவாளி, நைனா என்றுதான் கூப்பிடுவேன். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுப் பரண்மேல் ஒரு கட்டு கிடந்தது. புடவைக் கரையில் பூ விழுவதற்காகத் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் மாட்டுகிற, ஓட்டை போட்ட அட்டைகள். வரிசையாக நூலில் கோத்தவை. யாரும் தொட்டு வருஷக்கணக்காகியிருந்தது. கழித்துப் போட்டது என்று நானே முடிவு பண்ணி நூலை வெட்டினேன். ஓட்டை இல்லாத இடமாகப் பார்த்துப் பொடி எழுத்தில் எழுதினேன்.

பின்கட்டு அறையில் பரப்பி அடுக்கினேன். முதலில் அரசன் என்று வைத்தேன், மறுநாள் மருந்து. மூன்றாம் நாள் சீ என்று எல்லாவற்றையும் கலைத்தேன். ஒரு மாதம் இப்படியே ஓடியது. கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் பரீட்சைக்கு உட்கார முடியாது. சனிக்கிழமை மாலை கல்லூரியிலிருந்து வந்து பார்க்கிறேன், அறை துடைத்துவிட்டாற்போல் கிடக்கிறது. தறிச் சத்தம் கேட்டு முன்கட்டுக்கு ஓடினேன். அட்டைகளின் ஓரத்தில் போட்டிருந்த வரிசை எண்படி மறுபடி கோக்கப்பட்டு, என் குறிப்புகளெல்லாம் பெட்டியில் ஏறிச் சுற்றிக்கொண்டிருந்தன. அரசனுக்குப் பக்கத்தில் கடுக்காய்!

"நைனா! என் படிப்பே போச்சு!"

"கத்தாத. முகூர்த்தப் பொடவைக்கு இந்தப் பழைய கரைதான் வேணும்னு வந்துக்கினு நிக்கிறாங்க. பரண்ல பாத்தா கட்டக் காணோம். என்னக் கேக்காம அவுத்தது யாரு? காலைலேர்ந்து ஒக்காந்து கோத்தேன்."

"ரெண்டு நாளு நிறுத்தேன்."

"கல்யாணத்த நிறுத்தச் சொல்றியா?"

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. அவரை மனசுக்குள் திட்டித் தீர்த்துவிட்டு, நோட்டோடு தறிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு ஏறி நின்றேன். அவர் ஒரு மிதி மிதித்தால் ஓர் அட்டை நகரும். பாதி வரி படிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

திடீரென்று சத்தம் குறைந்தது. அட்டை நகரவில்லை. அவசரமாக எழுதி முடித்தேன். அப்புறம்தான் நைனாவின் கால் மிதியில் இறங்கியது. அடுத்த அட்டைக்கும் அப்படியே. என்னைப் பார்க்கவே இல்லை, கண் தறியில் ஓடும் பாவு நூலிலேயே இருந்தது.

அன்று பொழுது சாயும்வரை, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து மறுபடியும் என்று எழுதினேன். கோத்த அட்டையைக் கலைக்க முடியாது. கலைக்க முடியாததால் கை எழுதிக்கொண்டே போனது. அப்படி ஓரிடத்தில் அதற்கு முன் நான் நின்றதில்லை.

மத்தியானம், நான் முதலில் எழுதிய அட்டையே மறுபடி சுற்றி வந்துவிட்டது. பேனாவை மூடினேன்.

"முடிஞ்சிடுச்சு நைனா."

"எங்க முடிஞ்சுது? படிக்கிற புள்ளைங்களுக்குச் சனிக்கிழமையானா தலைக்கு எண்ண குடுத்தாங்கன்னு ஒண்ணு இருந்துச்சே. அத வுட்டுட்டியே."

விட்டது வேண்டுமென்றேதான். தானம், சாசனம் என்று பெரிய சங்கதிகளுக்கு நடுவில் எண்ணெய்க் குளியல் எதற்கு என்று ஒதுக்கியிருந்தேன். அந்தக் கோபத்தில் கோக்கும்போதும், ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் படித்திருக்கிறார். பேனாவை மறுபடி திறந்தேன்.

அடுத்த சுற்றில் அந்த அட்டை வந்ததும் தறி நின்றது.

"எழுதிக்கோம்மா," என்றார்.

அன்று ராத்திரி உட்கார்ந்து, கட்டுரையின் முதல் வரியாக அதைத்தான் எழுதினேன்.