கல்லில் படாத பிளேடு

பே ஓக்தான் விவசாயக் கருவிக் கடைக்குள் நுழைந்ததும், கடைக்காரன் கோ பியோங்மன் அவளைக் கண்ணாலேயே எடை போட்டான். போட்டு முடித்து, நேராகப் புல் அறுக்கும் பேட்டரி மெஷின்கள் வைத்திருக்கும் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். கொரிய அறுவடைப் பண்டிகையான சூசோக் நெருங்கிக்கொண்டிருந்தது. முன்னோர்களின் சமாதி மேடுகளில் புல் அறுக்காமல் பண்டிகைக்கு உட்கார்ந்தால் ஊர் காறித் துப்பும் என்பதால் கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை.

"அம்மாவுக்கு இதுதான் தோது. தூக்கினா பூ மாதிரி இருக்கும். முனையில நைலான் கயிறு. ஒரு சுத்து விட்டீங்கன்னா புல்லு மழுமழுன்னு ஆயிடும்."

"நான் புல்லு அறுக்க வரல. அங்க கொடி என் மணிக்கட்டு தண்டி. முள்மரம் உன் தொடை தண்டி. இருக்கறதுலயே பலமானதக் காட்டு."

பியோங்மன் சிரித்துவிட்டான். "முதுகுல மாட்டுற எஞ்சின் மெஷின் இருக்கு. நீங்க அதத் தூக்குவீங்களா, அது உங்களத் தூக்குமா?"

"அந்த உர மூட்டைய எந்த மூலையில வைக்கணும், சொல்லு. வச்சுட்டு வந்து பேசறேன்."

அவன் அவள் முதுகைப் பார்த்தான். ஆயுசு முழுக்கச் சீமைப்பனிச்சைப் பழப் பெட்டிகளைச் சரிவில் சுமந்து இறக்கிய முதுகு அது. எழுபதைத் தொட்டும் வளையவில்லை. உள்ளே போய் எஞ்சினைக் கொண்டுவந்து, ரம்பப் பல் வைத்த வட்ட பிளேடைப் பூட்டிக் காட்டினான்.

"இது முள்மரத்தையே அறுத்துத் தள்ளிடும். கல்லு இருந்தா மட்டும் சாக்கிரதை. பல்லு தெறிச்சு நம்ம கண்ணுல வந்து நிக்கும்."

"கல்லு இருக்கு." ஓக்தான் பிளேடை விரலால் தடவினாள். "கல்லுல பட்டா கல்லு என்ன ஆகும்?"

கண் என்ன ஆகும், பிளேடு என்ன ஆகும் என்று கேட்டவர்கள் உண்டு. கல்லுக்காகக் கவலைப்பட்டு ஒருவரும் அவனிடம் கேட்டதில்லை. "என்ன ஆகும்? உடையும், செதறும்."

"செதறக் கூடாது. மரத்த வெட்டணும், கல்லு அசையக் கூடாது. அப்படி ஒண்ணு குடு."

"வெளியாளுக்குப் புலி, வீட்டுக்குள்ள பூனை. நீங்க கேக்கறது மெஷினா, மருமகளா?"

அவள் சிரிக்கவில்லை. அவனும் அதற்கப்புறம் கேலி பேசவில்லை. அலமாரியின் அடியில் துழாவி இன்னொரு பிளேடை எடுத்தான். தட்டையான தகடு, ஓரத்தில் சின்னச் சின்னக் கத்திகள், ஒவ்வொன்றும் கீலில் ஆடியது. கல்லில் பட்டால் மடங்கிக்கொள்ளும்.

"தூரத்துல பல்லு வச்சத மாட்டுங்க. கல்லு கிட்ட வந்துட்டா இத மாட்டுங்க. மாத்தி மாத்திப் போடணும். பொறுமை இருக்கா?"

"அதத் தவிர வேற ஒண்ணும் இல்ல" என்று சொல்லி இரண்டையும் வாங்கிக்கொண்டாள்.

ஊரில் அவளுக்குக் கீசோக் அம்மா என்று பெயர். பிள்ளை பெற்றவளைப் பிள்ளையின் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் அங்கே வழக்கம். ஆனால் கீசோக்குக்கு முன்னால் ஒரு மகள் இருந்தாள். தல்லே. நடக்கப் பழகி, கோழிக்குஞ்சுகளின் பின்னால் தத்தித் தத்தி ஓடிக்கொண்டிருந்த வயசு. அப்போது ஊர் இவளைத் தல்லே அம்மா என்றுதான் கூப்பிட்டது. அந்த வருஷம் தட்டம்மை வந்தது. பிள்ளை போனது. அன்றிலிருந்து கீசோக் பிறக்கும் வரை ஊரார் அவளை எதைச் சொல்லியும் கூப்பிடவில்லை.

சின்னப் பிள்ளை செத்தால் சமாதி மேடு கிடையாது. படையல் கிடையாது. புல் அறுக்க வருஷா வருஷம் யாரும் போவதும் கிடையாது. அப்பன்காரன் பக்கத்து வீட்டுக்காரனைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, சாக்கில் சுற்றித் தூக்கிப் போய் மலையில் புதைத்து, நரி தோண்டாமல் இருக்கக் கல்லைக் குவித்துவிட்டு வருவான். பெற்றவளுக்கு இடத்தைச் சொல்ல மாட்டார்கள். தெரிந்தால் அங்கேயே போய்க் கிடப்பாளாம், அடுத்ததைப் பெற மாட்டாளாம். இந்த வழக்கத்தை உண்டாக்கிய புண்ணியவான் யாரோ, அவனுக்கு ஒரு நாளாவது மார்பில் பால் கட்டியிருக்காது. ஓக்தானுக்குக் கட்டியிருந்தது. மலையிலிருந்து இறங்கி வந்த புருஷன் மூன் சாங்கிலுக்கு அந்த வலியோடுதான் சோறு போட்டாள்.

சாங்கில் கெட்டவன் இல்லை. வருஷா வருஷம் தாத்தா, பூட்டன் சமாதிகளையெல்லாம் முகம் மழிக்கிற மாதிரி மழித்துவிட்டு வருவான். அவள் அரிசிப் பணியாரம் அவித்து வைப்பாள். "எங்க வச்சீங்க?" என்று கேட்டபோதெல்லாம் "மறந்துடு" என்பான். போன குளிர்காலத்தில் ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு, அவள் கேட்காமலே கையைப் பிடித்தான். "செஸ்ட்நட் தோப்பு. மேல் பக்கம்." அவ்வளவுதான் சொன்னான். அந்த வாரமே போய்விட்டான்.

தோப்போ, காய்க்கு விலை இல்லாமல் போனதும் ஊரே கைவிட்ட சரிவு. உள்ளே பகல் வெளிச்சம் நுழைய வழியில்லை.

மெஷின் வாங்கிய செய்தி எப்படியோ மகன் காதுக்குப் போய், பட்டணத்திலிருந்து போன் வந்தது.

"ஏம்மா, சமாதிக்கெல்லாம் நான் ஆள் ஏற்பாடு பண்ணிட்டேன். நீ எதுக்கு அந்தக் காட்டுக்குள்ள போற? அங்க நம்மளோடது ஒண்ணும் இல்லியே."

"இருக்கு."

"யாரு?"

ஒரு அக்கா இருந்தாள் என்றே அவனுக்குத் தெரியாது. "சிக்னல் சரியில்லப்பா" என்று வைத்துவிட்டாள்.

பனி காய்ந்ததும் ஏறுவாள், பொழுது சாய இறங்குவாள். கொடியை அறுத்தாள், முள்மரத்தைச் சாய்த்தாள். தோள்பட்டை கன்றிப்போனது. தரையில் ஒரு கல் தெரிந்தாலும் எஞ்சினை அணைத்து, பிளேடை மாற்றி, மண்டியிட்டுக் கையால் தழையை விலக்கிப் பார்ப்பாள். வெறும் கல்லாக இருக்கும். மறுபடி பல் பிளேடை மாட்டுவாள். அப்படி எத்தனை தரம் மாற்றினாள் என்று அவளுக்கே கணக்கில்லை.

ஒரு மத்தியானம் குவியல் அகப்பட்டது. முழங்கால் உயரம்கூட இல்லை. பாசி படிந்த கற்கள், மேலே ஒரு தட்டைக் கல். கீல் பிளேடு அதன் ஓரத்தைச் சுற்றி ஒரு கல்லையும் அசைக்காமல் சுத்தம் செய்தது. ஓக்தான் மெஷினோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "தல்லே, தல்லேம்மா" என்று வாய் விட்டுக் கூப்பிட்டாள். ஊரில் அந்தப் பெயர் ஒலித்து ஐம்பது வருஷம் ஆகியிருக்கும். கொண்டுபோன பால் பாக்கெட்டைப் பிரித்துக் கல்லில் ஊற்றினாள். தம்பி பிறந்ததை, அப்பன் போனதை, அன்றைக்கு வேகவைத்து இறக்கிய கஞ்சியை ஊட்டும் முன்பே பிள்ளை போனதை, எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் அழுதாள். இறங்கும்போது உடம்பு லேசாக இருந்தது.

சுற்றிலும் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வரட்டும் என்று மறுநாளும் ஏறினாள். பத்தடி தள்ளி இன்னொரு குவியல் இருந்தது. அதற்கு மேலே ஒன்று. பாறையை ஒட்டி இரண்டு. மெஷினை அணைத்துவிட்டு ஒவ்வொன்றாக எண்ணினாள். தட்டம்மை இவள் வீட்டுக்கு மட்டும் வந்துவிட்டா போனது?

அன்று மத்தியானமே இறங்கி ஊர்க்கூடத்துக்குப் போனாள். கிழவிகள் வட்டமாக உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு யோங்தான் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே வம்பிழுத்தாள். "வாடி, எஞ்சின்காரி! மலைய மொட்டையடிச்சு முடிச்சாச்சா?"

"செஸ்ட்நட் தோப்பத் திறந்துட்டேன். பிள்ளைங்க இருக்கு. நிறைய."

யோங்தான் சீட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து செருப்பைத் தேடினாள். பின்னாலேயே மற்றவர்களும் எழுந்தார்கள். கூன் விழுந்தவளை இருவர் தாங்கிக்கொண்டார்கள்.

தோப்பில் யோங்தான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். தட்டைக் கல் வைத்த குவியலுக்கு முன்னால் நின்றவள் பொத்தென்று விழுந்து அதைக் கட்டிக்கொண்டாள். "இதுதான்டி! குடிச்சுட்டு வந்த ஒரு நாள் எங்க வீட்டு மனுஷன் வாய் தவறிச் சொன்னார். நம்ம பிள்ளை மேல மழை படாம தட்டைக் கல்லு வச்சேன்னு. ஐயோ, என் ராசா! அம்மா வந்துட்டேன்டா!"

ஐம்பது வருஷத்து அழுகையை ஓக்தான், யோங்தானின் மகன் முன்னால் அழுது தீர்த்திருக்கிறாள். அவளுடைய பிள்ளை பக்கத்தில் எங்கேயோ கிடந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

யோங்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "யாரோ பால் ஊத்தியிருக்காங்கடி."

"நான்தான். பிள்ளைக்குப் பசிக்குமேன்னு."

"உன்னுது எது?"

"தெரியலடி. அவர் சொல்லல."

மற்றக் குவியல்களின் முன்னால் மற்றவர்கள் நின்றார்கள். இதுவா, அதுவா என்று ஒருத்திக்கும் தெரியவில்லை. ஓக்தான் மறுநாள் பால் கொண்டுவந்து எல்லாவற்றுக்கும் ஊற்றினாள். தொண்டை வரை வந்த பெயரை ஓரிடத்திலும் சொல்லவில்லை. கல்லுக்கு அடியில் இருப்பது வேறு பிள்ளையாக இருந்தால், வந்தவள் தன் அம்மா இல்லை என்று அதற்குத் தெரிந்துபோகும்.